ஆடிப் பதினெட்டில் கொக்கு கேட்ட தண்டோரா

மேலநாரைக்குடி
10-8-1978

தஞ்சைத் தரணியில் கலெக்டர் ஆபீஸ் கோப்புகளைக் கட்டி ஆளும் மருமகள் மலர்கொடிக்கு, உன் தாய்மாமன் உத்திராபதி எழுதுவது. இங்கு நானும், உன் அத்தை மங்களாம்பிகையும், கறவை மாடு இரண்டும், குறுவைப் பயிரும் நலம். இத்தனை பேரில் நான் ஒருவன்தான் மெலிந்து போனேன். தைப்பூசத்தன்று வைத்தீஸ்வரன்கோயிலில் உன் அத்தை கையில் அடித்து மாமிசத்தை விட்டேன் அல்லவா, அதன் விளைவு. உன் விடுதிச் சாப்பாடு எப்படி?

இப்போது நான் எழுதப்போகும் கதையை நம்புவதற்கு ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒரு ஜீவன் கிடையாது என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

ஆடிப் பதினெட்டன்று ஊர் துடைத்துவிட்ட மாதிரி காலி. பிள்ளைகள் சப்பரத்தை இழுத்துக்கொண்டு, பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஏந்திக்கொண்டு, ஆண்கள் அவர்கள் பின்னால் சும்மா கையை வீசிக்கொண்டு, எல்லோரும் காவிரிக்கரைக்குப் போய்விட்டார்கள். நாய்கள்கூடப் போயின. காப்பரிசி தின்னும் நாய்கள் நம் ஊரில் மட்டும்தான் உண்டு. உச்சிப் பொழுதில் வீரையன் தமுக்கோடு வந்து ஏரி மதகின் மேல் ஏறி நின்றான். மூன்று முறை அடித்தான். பூமி அதிர்ந்தது, மேட்டூர் அணை ஒரு சாண் நகர்ந்தது.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." என்று ஆரம்பித்தான். சகலமானவர்கள் யார்? மூவாயிரம் கொக்குகள், நானூறு நீர்க்காகங்கள், ஒரு கிழட்டுக் கூழைக்கடா. இந்த ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப் போகிறார்கள்; இதில் பாத்தியதை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வீரையன் முடித்ததும், கூழைக்கடா தலைமையில் கூட்டம் கூடிற்று. "நம்மைத்தான் கேட்கிறார்கள். நம்மில் எழுதத் தெரிந்தவர் யார்?" என்றது கூழைக்கடா. அன்றைக்கு ஒற்றைக் காலைத் தூக்கி யோசிக்க ஆரம்பித்த கொக்குகள் இன்னும் காலை இறக்கவில்லை.

இப்படிக்கு, மேலநாரைக்குடியின் மெலிந்த சிங்கம்,
உத்திராபதி


தஞ்சாவூர்
26-8-1978

அன்புள்ள மாமாவுக்கு, மலர்கொடி வணக்கம். நான் சுகம். விடுதிச் சாம்பாரைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் குளிக்கலாம், குடிக்க முடியாது. அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கூழைக்கடாவைப் பற்றி விடுதியில் படித்துக் காட்டினேன். எல்லோரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள், அந்த ஏரியின் கோப்பு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. ஏரியில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்து எழுதிய பிறகுதான் சரணாலயம் வரவேண்டும், சட்டம் அப்படி. இதுவரை ஒரு மனுவும் வரவில்லை. உரிமை கோருவோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். அப்படி எழுதினால் பிறகு அந்த ஏரிக்குள் யாரும் கால் வைக்க முடியாது.

எல்லையம்மாள் அக்காவும் மற்றவர்களும் அங்கேதானே கோரை அறுக்கிறார்கள்? ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

மலர்கொடி


மேலநாரைக்குடி
4-9-1978

மருமகளுக்கு ஆசி. உன் அத்தையின் முழங்கால் தேவலை. நேற்று என்னைத் துரத்திக்கொண்டு களம் வரை ஓடிவந்தாள், அதை வைத்துச் சொல்கிறேன்.

உன் உத்தரவுப்படி எல்லையம்மாளிடம் தூது போனேன். ஏரிக்கரைத் தெருவில் கோரைக் கட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லையம்மா, ஏரியில கோரை அறுக்க பாத்தியதை இருக்குன்னு எழுதிக் குடுத்தியா?"

"மூச்சு விடவும் எழுதிக் குடுக்கணுமாண்ணே?"

"தண்டோரா போட்டாங்களே."

"எந்தத் தெருவுல?"

அங்கே ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்ததால் திரும்பிவிட்டேன்.

நம் மிராசுதார் சாரங்கபாணிக்குத் திடீரென்று பட்சிகள்மேல் பாசம் பொங்குகிறது, கேள். அவர் அப்பா இந்த ஏரியில் துப்பாக்கியோடு இறங்கினால் கும்பகோணம் வரை இறகு பறக்கும். மகன் இப்போது வீட்டு வாசலில் கொக்குப் படம் மாட்டி அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார். காரணம் ஊருக்கே தெரியும். போன வருஷம் குறுவை நடவில் கூலியை ஏற்றாமல் அவர் வயலில் இறங்க மாட்டோம் என்று ஏரிக்கரைத் தெருவில் நாற்பத்தொரு குடும்பமும் நின்றதல்லவா? நாற்பது நாள் அவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஏரிதான். கோரை அறுத்து விற்றார்கள், நத்தை பொறுக்கித் தின்றார்கள், மிராசுதார்தான் இறங்கி வந்தார். ஏரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் அடுத்த சண்டை நாலாம் நாளே முடிந்துவிடும். கொக்குக்குப் பொட்டு வைப்பது சும்மாவா?

ராஜதந்திரி,
உத்திராபதி


தஞ்சாவூர்
11-9-1978

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்கு நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கோப்பில் கர்ணம் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. 3-8-1978 அன்று ஊரின் எல்லாத் தெருக்களிலும், ஏரிக்கரைத் தெரு உட்பட, தண்டோரா போடப்பட்டது என்கிறது. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். 3-8 தான் ஆடிப் பதினெட்டு. உங்கள் கொக்குக் கதையில் வந்த அதே நாள்.

மாமா, அந்தக் கதையில் எது பொய், எது நிஜம்? வீரையன் உண்மையிலேயே மதகில் நின்று அடித்துவிட்டுப் போனாரா? ஆற்றுக்குப் போனவர்கள் "நாங்கள் ஊரில் இல்லை" என்றுதான் சொல்ல முடியும். அடித்ததை நேரில் பார்த்த ஒருவர் சொன்னால்தான் கர்ணத்தின் தாள் செல்லாது. வீரையனை விசாரித்தார்கள். "அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். நான் தமுக்கைப் பாப்பேனா, தெருவைப் பாப்பேனா" என்றாராம். கெடு அக்டோபர் மூன்று.

நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

மலர்கொடி


மேலநாரைக்குடி
15-9-1978

மருமகளுக்கு ஆசி. நான் நலமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து தலை, வயிறு, முதுகு மூன்றும் முறை வைத்து வலிக்கின்றன.

ஆடிப் பதினெட்டன்று எனக்கு இடது காலில் சுளுக்கு. சாதாரணச் சுளுக்கா அது? ஐராவதம் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டது போன்ற சுளுக்கு. அதனால் வீட்டில் கட்டிலில் கிடந்தேன். தண்டோராவெல்லாம் காற்றில் வந்த கற்பனை. கதை எழுதுகிறவனிடம் சாட்சி கேட்பது, கூத்தில் வரும் ராஜாவிடம் பட்டா கேட்பது மாதிரி அல்லவா? அதோடு நான் சொல்லி இந்த ஊரில் யார் எதை நம்பியிருக்கிறார்கள்?

இத்துடன் முடிக்கிறேன். கை வலிக்கிறது. அதுவும் சுளுக்குதான்.

உத்திராபதி


தஞ்சாவூர்
18-9-1978

அன்புள்ள அத்தைக்கு, மலர்கொடியின் வணக்கங்கள். தங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. ஆடிப் பதினெட்டன்று மாமாவுக்குக் காலில் சுளுக்கா?

மலர்கொடி


மேலநாரைக்குடி
22-9-1978

கண்ணு மலர்கொடிக்கு அத்தை எழுதுறது. நாங்க நல்லா இருக்கோம். தைலத்தைத் தபால்ல அனுப்பாதே, ஒழுகிடும். வர்றப்போ கொண்டா.

சுளுக்கா? என்கிட்ட வயித்து வலின்னார். அதுவும் சப்பரம் கிளம்புற நேரம் பார்த்து. சரி, படுத்துக் கிடங்கன்னு சொல்லிட்டு நான் ஆத்துக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தா வேட்டியில முழங்கால் வரைக்கும் சேறு. கட்டில்ல ஏது சேறு? அடுப்புல குழம்புச் சட்டி தேச்சுக் கவுத்து வெச்சிருக்கு. இருபத்தாறு வருஷத்துல அந்த மனுசன் ஒரு டம்ளர் கழுவினதில்ல. என்ன சமைச்சீங்கன்னேன். கத்தரிக்காய்னார். முகத்தைப் பார்த்தா கத்தரிக்காய் தின்ன முகமா இல்ல. சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காரேன்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணு. அவர் உனக்கு எழுத மாட்டார், நான் எழுதுறேன். போன வாரம் சாரங்கபாணி ஆள் வந்தான். "தஞ்சாவூர்ப் பொண்ணுகிட்ட ஏரிக் கதையெல்லாம் எழுதுறீங்களாமே? நீங்க உழுற ரெண்டு ஏக்கர் யாருதுன்னு ஞாபகம் இருக்குல்ல?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போனான். அன்னையிலேர்ந்து உன் மாமா கதை சொல்றதே இல்ல. வீடு அமைதியா இருக்கு. எனக்கு அது பிடிக்கல.

மங்களாம்பிகை


தஞ்சாவூர்
24-9-1978

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இனி எதையும் கேட்கப்போவதில்லை. வருகிற 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அதிகாரி உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வைக்கிறார். நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லையென்றால் 'இல்லை' என்ற சொல்லை எழுதப்போவது என் கைதான்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். கத்தரிக்காயைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

மலர்கொடி


மேலநாரைக்குடி
1-10-1978

கோப்புகளின் மகாராணி, என் மருமகள் மலர்கொடிக்கு ஆசி. நான் சுகம். உடம்பில் ஒரு வலியும் இல்லை. எல்லாம் வெள்ளிக்கிழமை பதினொரு மணியோடு பறந்துவிட்டன.

உன் அதிகாரி ஒரு பக்கம் மட்டுமே எழுதுவார், நான் சரித்திரத்தை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பத்தாயிரம் பேர். (சரி, நூறு பேர்.) கர்ணம் தாளை நீட்டினார். சாரங்கபாணி எழுந்து, "என் காதால் கேட்டேன். நம் வீதி வழியாகத்தான் தமுக்கு போயிற்று. பட்சி ஜீவன்களுக்காக..." என்று பேசி, வராத கண்ணீரைத் துண்டால் துடைத்தார். வீரையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லையம்மாள் எழுந்தாள். "கொக்குங்க கூட்டமா ஐப்பசியில வந்து கூடு கட்டும், பங்குனியில போவும், அஞ்சாறு மட்டும் இங்கேயே கெடக்கும். நாங்க சித்திரையிலதான் அருவாளோட இறங்குவோம். கூடு இருக்குற கருவ மரத்துல கை வெக்க மாட்டோம். கோரையை அறுக்காம விட்டா ஏரி மூடிக்கும், கொக்கு மேயுறதுக்குத் தண்ணியே தெரியாது. அதுங்களுக்கும் எங்களுக்கும் ஒரு தகராறும் இல்லீங்க. தகராறு எல்லாம் கண்ணி வெக்கிறவனோடதான்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் பார்த்த மாதிரி இருந்தது.

"நல்லதும்மா. ஆனா தண்டோரா போட்டப்ப ஏன் எழுதித் தரலை?" என்றார் அதிகாரி.

"போட்டிருந்தா கேட்டிருப்போம்."

"போடலைன்னு பார்த்த சாட்சி உண்டா?"

என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்து நின்றுவிட்டன.

"நான் பார்த்தேங்க. மதகுல நின்னு மூணு தரம் அடிச்சான். ஒரு தெருவுக்கும் போகல. அப்படியே கரையோட ஆத்துக்குப் போயிட்டான்."

பள்ளிக்கூடம் கூரை பறக்கச் சிரித்தது. "உத்திராபதி கதை ஆரம்பிச்சுட்டாருடோய்!" என்றது ஒரு குரல். அதிகாரியும் புன்னகைத்து, "ஊரே ஆற்றில் இருக்க நீங்க மட்டும் எங்கே இருந்தீங்க?" என்றார்.

மருமகளே, அந்த இடத்தில் சொல்வதற்கு எனக்குப் பதினேழு பொய்கள் தயாராக இருந்தன. பதினேழும் தரமானவை.

"ஏரிக்குள்ளங்க. கருவ மரத்தடியில, கோரைக்குள்ள குந்தியிருந்தேன். கொக்குக்குக் கண்ணி வெச்சுக்கிட்டு" என்றேன்.

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து உன் அத்தையின் குரல் மட்டும் வந்தது: "அப்போ தைப்பூசத்துச் சத்தியம்?"

அதற்குள் அதிகாரி, கண்ணி வைப்பது குற்றம் என்று தெரியுமா என்றார். தெரியும், அதுவும் வீரையன் படித்த அறிவிப்பில் இருந்தது என்று சொல்லி, 'இதனால் சகலமானவர்களுக்கும்' முதல் கடைசி வரை ஒப்பித்தேன். நடுவில் வீரையன் இருமிய இடத்தில் நானும் இருமினேன். வீரையன் சட்டென்று தலையைத் தூக்கி, "ஆமாங்க, அந்த இடத்துலதான் இருமினேன்" என்றான். கர்ணம் அவனை ஒரு பார்வை பார்த்தார். பார்த்து என்ன பயன்?

எல்லையம்மாள் மடியிலிருந்து என் குதிரைவால் முடிக் கண்ணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மறுநாள் அந்த மரத்தடியில கிடந்துச்சுங்க. இந்த முடிச்சு இந்த ஊர்ல இவரு ஒருத்தர் போடுற முடிச்சு." அதிகாரி எழுதிக்கொண்டே, "தனக்கே கேடாக எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என்னை ஒருவர் நம்பினார். கூச்சமாக இருந்தது.

வெளியே வந்ததும் சாரங்கபாணி, "நிலத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் உன் அத்தை, "பேசுறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. குத்தகைதாரர் பதிவேட்டுல எழுபதாம் வருஷமே இவர் பேரை ஏத்திட்டேன்" என்றாள். எனக்கே தெரியாது! எட்டு வருஷமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். சொன்னால் ஊரெல்லாம் அளப்பேனாம்.

கண்ணியைப் பறித்துக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். அது சர்க்காரின் தண்டனை. உன் அத்தை தண்டனை இன்னும் முடியவில்லை. மூன்று நாளாகக் கத்தரிக்காய். காலை, மதியம், இரவு.

வாக்குமூலம் தந்த வீரன்,
உத்திராபதி


தஞ்சாவூர்
8-11-1978

அன்புள்ள மாமாவுக்கு ஆயிரம் வணக்கங்கள். நான் மிகவும் சுகம். சாம்பார்கூட ருசிக்கிறது.

பழைய தண்டோரா செல்லாது என்று உத்தரவாகிவிட்டது. புதிதாகப் போட்டு, அன்றிலிருந்து இரண்டு மாதம் கெடு. இந்தமுறை நாளையும் இடத்தையும் ஏரிக்கரைத் தெருக்காரர்களே குறிக்க வேண்டும் என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த வரியைக் குறிப்பில் சேர்த்தது யார் என்று கேட்காதீர்கள். எல்லையம்மாள் அக்காவிடம் நாள் கேட்டுச் சொல்லுங்கள்.

அத்தைக்குத் தைலத்தோடு பொங்கலுக்கு வருகிறேன். கத்தரிக்காய் வேண்டாம் என்று அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மலர்கொடி


மேலநாரைக்குடி
18-2-1979

மருமகள் மலர்கொடிக்கு ஆசி. உன் உத்தரவு நகல் நேற்று வந்தது. நாற்பத்தொரு குடும்பமும் பெயர் பெயராக அதில் இருக்கிறது. சித்திரை முதல் ஆடி வரை கோரை அறுக்கலாம், நத்தை எடுக்கலாம். கூடு கட்டும் காலத்தில் ஏரி கொக்குகளுக்கு. எல்லையம்மாள் அதை மடித்து, கோரை அறுக்கும் அருவாளோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டாள். சாரங்கபாணி வாசலில் கொக்குப் படத்தைக் காணோம். பொட்டு மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதுத் தண்டோராவை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லையம்மாள் குறித்த நாள், ரேஷன் கடையில் சர்க்கரை போடும் நாள். குறித்த இடம், ரேஷன் கடை வாசல். அன்றைக்குச் செத்தவனும் எழுந்து வரிசையில் நிற்பான் அல்லவா? வீரையனுக்குத் தொண்டை கட்டியிருந்ததால், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் என்று என்னைச் சொல்ல வைத்தார்கள். நான் 'சகலமானவர்களுக்கும்' என்று முழங்கிய முழக்கத்தில் தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு செங்கல் உதிர்ந்தது. இலங்கையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது ஏரியில் முப்பதாயிரம் பறவைகள். கிழட்டுக் கூழைக்கடா என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறது. இதையெல்லாம் நீ நம்ப வேண்டாம், நான் எழுதியது எதையும் நம்ப வேண்டாம். மூவாயிரம் கொக்கு பொய், கூட்டம் பொய், பதினேழு பொய் என்றதும் பொய், ஒன்பதுதான் இருந்தது.

ஆனால் ஒரு சின்ன விஷயம் பாக்கி. உன் அதிகாரியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதுவரை நம்பியதையும் நம்பாமல் விட்டிருப்பார். உன் அத்தையிடம் சொன்னேன். ஒரு கரண்டி கத்தரிக்காய் கூடுதலாகப் போட்டாள்.

அன்றைக்குக் கண்ணியில் ஒரு கொக்கு விழுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் தமுக்குச் சத்தம் கேட்டது. நானும் அதுவும் அசையாமல் கடைசி வரை கேட்டோம். 'பாத்தியதை உள்ளவர்கள்' என்ற இடத்தில் அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. தாசில்தார் பார்ப்பாரே, அந்த மாதிரி. எனக்கு இரக்கமெல்லாம் ஒன்றும் வரவில்லை. விரல்தான் தானாக முடிச்சை அவிழ்த்துவிட்டது. போகிறபோது வேட்டியில் எச்சமிட்டுவிட்டுப் போயிற்று. கண்ணியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பசிக்கு நானே அடுப்பு மூட்டி, நானே சட்டியையும் கழுவிவைத்தேன்.

அது நிஜமாகவே கத்தரிக்காய்தான், மலர்கொடி.

உத்திராபதி